மாதேஸ்வரி கால் நீட்டிய கதை

வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்து கொடுக்கும் அந்தக் கம்பெனியில், மாதேஸ்வரி வருகிறாள் என்றால் ஸ்குரூ டிரைவர்கூடத் தானாக ஓடிப்போய்த் தன் இடத்தில் படுத்துக்கொள்ளும் என்பார்கள். ஓசூர் சிப்காட்டில் ஃபைவ் எஸ் தெரியாத கம்பெனி கிடையாது. ஜப்பான்காரன் கண்டுபிடித்தது. வேண்டாததை வெளியே போடு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அதையே வழக்கமாக்கு, விடாமல் செய். அவ்வளவுதான். நம் ஊர் அம்மாக்கள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கத்தியதும் இதைத்தான். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கத்தான் ஆளில்லை.

மாதேஸ்வரியின் ஆயுதம் ரெட் டேக். ஒரு சாமான் யாருக்கும் பயன்படாமல் கிடந்தால் அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிடுவாள். அட்டையில் ஒரு தேதி இருக்கும். அதற்குள் யாரும் எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் சாமான் ஸ்கிராப் யார்டுக்குப் போய்விடும். ஒருமுறை மேனேஜர் நாற்காலிக்கே கட்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"நீங்க அதுல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல சார்."

அன்றிலிருந்து மேனேஜர் உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது ஃபைவ் எஸ்ஸில் வராது.

இப்பேர்ப்பட்ட மாதேஸ்வரிக்குத் தன் வீட்டில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை.

மிகைப்படுத்திச் சொன்னதல்ல. மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் சாந்தம்மா வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால், ஹாலில் சாமான்களுக்கு நடுவே பாயை விரித்து, கேள்விக்குறி மாதிரி மடங்கிப் படுப்பாள். புரண்டால் தலையில் தக்காளிக் கிரேட் இடிக்கும். முழங்காலை நிமிர்த்தலாமென்றால் டிவி வந்த அட்டைப்பெட்டி வழி விடாது. ஒயர் கட்டும் லைனில் ராத்திரி முழுக்க நின்ற கால் பகல் முழுக்க மடங்கிக் கிடக்கும். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். நகை இல்லை, நிலம் இல்லை, பாதம் எதிலும் இடிக்காத ஒரு தூக்கம்.

அறையில் படுக்கலாமே என்று கேட்பீர்கள். மகள் அனுப்ரியா நர்சிங் படிக்கச் சேலத்துக்குப் போனதும் அறை காலியானது உண்மைதான். ஒரு வாரம் காலியாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் அவள் புருஷன் பாலாஜிக்குத் தாங்காது.

பாலாஜி வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆள். போல்ட்டும் நட்டும் பேரிங்கும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். ஒரு சாமான் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அவருக்கு மானம் போய்விடும். வீட்டையும் அதே கொள்கையில்தான் நடத்தினார். மிக்ஸி ரிப்பேராகி மண்டையைப் போட்ட பிறகும் அதன் பெட்டியும் தெர்மாகோலும் பத்திரமாக இருந்தன. "வாரண்டி கேட்டா என்ன பண்ணுவ?" என்பார். வாரண்டி, மிக்ஸிக்கும் முன்னாலேயே காலமாகியிருந்தது.

போதாததற்கு ரெண்டு கம்பெனியும் சேர்ந்துகொண்டன. ஆயுத பூஜைக்கு ஹாட் பாக்ஸ். தீபாவளிக்கு ஹாட் பாக்ஸ். உற்பத்தி இலக்கைத் தாண்டினால் சுவர்க் கடிகாரம். விபத்தில்லாமல் வருஷம் ஓடினால் மறுபடியும் ஹாட் பாக்ஸ். ஓசூரில் எந்தத் தொழிலாளி வீட்டிலும் சோறு ஆறிப்போனதாகச் சரித்திரம் கிடையாது.

ஒரு நாள் மாதேஸ்வரி கம்பெனியிலிருந்து எழுதாத ரெட் டேக் ஒரு கட்டு கொண்டுவந்தாள். ஹாட் பாக்ஸ், கடிகாரம், கிரேட், பெட்டி, மழைக் கோட்டு, ஒன்றையும் விடவில்லை. கண்ணில் பட்டதற்கெல்லாம் கட்டினாள். வீடு அம்மன் கோயில் வேப்பமரம் மாதிரி சிவந்துபோனது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள யூஸ் பண்ணாத சாமான் எல்லாம் வெளிய."

பாலாஜி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யூஸ் பண்ணிட்டா?"

"டேக்கைக் கழட்டிடலாம். ரூல் அதான்."

"ரூல்னா ரூல்தானே?"

"ரூல்னா ரூல்தாங்க."

அந்த இடத்தில்தான் அவள் ஏமாந்தாள். அவள் லைன் ஆள், அவர் ஸ்டோர்ஸ் ஆள். அசையாமல் கிடக்கும் சரக்குக்கு ஆடிட்டில் கேள்வி வரும் என்று தெரிந்தால், ஸ்டோர்ஸில் அதை ஒரு நாள் இங்கிருந்து அங்கே எடுத்து வைத்து, அங்கிருந்து இங்கே திருப்பி வைப்பார்கள். இதற்கு மூவ்மென்ட் காட்டுவது என்று பெயர். சரக்கு உயிரோடு இருப்பதாகக் காகிதம் சொல்லும். காகிதம் சொன்னால் ஆடிட்டர் நம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி எழுந்தபோது வீட்டில் மூவ்மென்ட் நடந்துகொண்டிருந்தது. ஹால் முழுக்க ஹாட் பாக்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இட்லி. எல்லாக் கடிகாரமும் சுவரில் ஏறி, ஆளுக்கொரு நேரம் காட்டின. டிவி தன் பழைய பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்திருந்தது. சித்திரை வெயிலில் மழைக் கோட்டும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு, ஒரு தக்காளிக் கிரேட்டில் தான் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை வைத்து, பாலாஜி வேர்த்து வழிந்தபடி சட்னி தொட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணி மோட்டார் விஷயமாகப் படியேறி வந்த வீட்டுக்காரம்மா சாந்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாய்.

"ஏனப்பா இது பாலாஜி? குளிர் காய்ச்சலா?"

"இல்லக்கா. ஸ்டாக் மூவ்மென்ட்."

சாந்தம்மா மாதேஸ்வரியைப் பார்த்தாள். மாதேஸ்வரி சுவரைப் பார்த்தாள். சுவரில் மணி ஒன்பதும் இரண்டேகாலும் ஆறரையும் ஆகியிருந்தது.

"பைத்தியம்னா டாக்டர்கிட்ட காட்டணும், இட்லிக்கிட்ட காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு சாந்தம்மா ஒரு ஹாட் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"டப்பாவைக் கழுவிக் குடுத்துருங்கக்கா!" என்று பாலாஜி மாடியிலிருந்து கத்தினார்.

சாயங்காலம், கழற்றிய ரெட் டேக்குகளை அடுக்கி அவள் கையில் கொடுத்தார். "எல்லாம் யூஸ்ல இருக்குது. ஆடிட் பாஸ்."

மாதேஸ்வரி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அதற்கு அர்த்தம் என்ன என்று அவள் லைனில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான். பாலாஜி ஸ்டோர்ஸில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் அவள் இரண்டு வேலை ஆரம்பித்தாள். ஒன்று, கம்பெனியில் ஷிப்ட் முடியும் முன் எல்லாரும் தன் இடத்தைத் துடைத்து வைக்க ஒரு மணி அடிப்பார்களே, அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பாய் விரிக்கும் முன் ஐந்து நிமிஷம். மொத்த வீட்டையும் திருத்தப் போகவில்லை. இன்றைக்கு ஜன்னல் திட்டு, நாளைக்கு ஃப்ரிட்ஜ் தலை, மறுநாள் அந்த ஒரு டிராயர். ஐந்து நிமிஷம் ஆனதும் பாதி வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். நாள் முழுக்க ஒழிக்கிறேன் என்று இறங்கியவர்கள் பழைய கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்று திருட்டு வேலை. தினம் வேலைக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு சாமானைச் சாப்பாட்டுப் பையோடு எடுத்துப் போய்விடுவாள். மொத்தமாகப் போனால்தான் பாலாஜி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் போனால் மனசுக்குள் ஸ்டாக் அப்படியே இருக்கும்.

கம்பெனி பஸ் தளிப் பக்கமிருந்து மத்திகிரி வழியாக வரும். டிரைவர் கரியப்பனுக்குச் சொந்த ஊரே தளிதான். முதல் நாள் அவள் கடிகாரத்தோடு ஏறினாள். நாலு நாளில் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது.

"வாங்கக்கா, இவத்து ஏனு சரக்கு?" என்று இன்றைய சரக்கு என்னவென்று கேட்பான் கரியப்பன் கன்னடத்தில். பதில் வருவதற்குள் பின் சீட்டு தமிழில் ஏலம் போட ஆரம்பித்துவிடும்.

கடிகாரம், அறையெடுத்துத் தங்கியிருக்கும் அரூர்ப் பெண்களிடம் போனது. கிரேட்டை கரியப்பனே சாமந்திப் பூ போட்டுவைக்க எடுத்துக்கொண்டான். ஹாட் பாக்ஸுக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம், எல்லார் வீட்டிலும் அதே குடும்பம். கடைசியில் பக்கத்து சீட்டு எஸ்லின் மனசு இரங்கினாள். தூத்துக்குடிக்காரி.

"குடுங்கக்கா. மூடி என்ன இப்படிக் கருகிப் போயிருக்கு?"

"அடுப்பு மேல வெச்சிட்டாரு."

"பாக்க சிலோன் மாதிரியே இருக்குல்லா" என்று எஸ்லின் வாங்கிக்கொண்டாள்.

மாதேஸ்வரி வீட்டு ஹாலில் தரை தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இந்த வீட்டுத் தரை சிவப்பு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மாசம் ஓட ஓட முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கேள்விக்குறி ஆச்சரியக்குறி ஆக இன்னும் ஒரு சாண்தான் பாக்கி என்று தோன்றிய ஒரு காலையில், பாலாஜி கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். கையில் துணிப்பை.

"மாதேசு, கண்ணை மூடு. ஓசியில ஒண்ணு வந்திருக்குது. எங்க டிபார்ட்மென்ட் ரெக்ஸ் குடுத்தான். அவன் பொண்டாட்டிக்கு பஸ்ல யாரோ ஒரு லூசு சும்மாவே தூக்கிக் குடுத்துச்சாம். ரெக்ஸ் என்ன நினைச்சிருக்கான், பாலாஜி அண்ணன்தான் எதையும் வேணாம்னு சொல்ல மாட்டாருன்னு..."

பையிலிருந்து ஹாட் பாக்ஸ் வெளியே வந்தது. மூடியில் அதே கருகிய இலங்கை.

மாதேஸ்வரி அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, தரையில் வைத்தாள்.

"அந்த லூசு நான்தாங்க."

பாலாஜிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஹாலைச் சுற்றிப் பார்த்தார், மாசக்கணக்கில் பார்க்காமல் விட்டதை எல்லாம் சேர்த்து. "என் கிரேட்டு?"

"தளியில பூ சுமக்குது."

"தெர்மாகோலு?"

"தெருப் பசங்க பிள்ளையாருக்கு மண்டபம் கட்டிட்டாங்க. நீங்ககூட முன்னாடி நின்னு கும்பிட்டீங்களே."

"அட, சாமி குத்தம் ஆகாதோ? சொந்தத் தெர்மாகோலையே கும்பிட வெச்சுட்டியே!" பாலாஜி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கோபத்தைவிட, ஸ்டாக் குறைந்தது தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற தொழில் அவமானம்தான் அவர் முகத்தில் இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"சரி. போனதெல்லாம் என் சாமான். உன் சாமான்ல ஒண்ணாவது போச்சா?"

"என் சாமான் இங்க என்ன இருக்குது? எனக்குக் கால் நீட்ட இடம் வேணும்னுதான் இவ்வளவும்."

"இப்பதான் எல்லாம் போயிடுச்சே. நீட்டு பார்க்கலாம்."

"நீட்டறேன், பாருங்க."

பாயை விரித்தாள். படுத்தாள். ஜம்பமாகக் காலை நீட்டினாள். பாதம் போய் எதிலோ இடித்தது. கண்ணாடி கடகடவென்று ஆடியது.

ஷோகேஸ்.

அதற்குள் அவள் வாங்கிய ஷீல்டுகள். சிறந்த ஃபைவ் எஸ் லைன். சிறந்த ஃபைவ் எஸ் லீடர். தொழிற்பேட்டை அளவில் தூய்மைக்கான இரண்டாம் பரிசு, மறு வருஷம் முதல் பரிசு. பூமி உருண்டையைத் தூக்கிப் பிடிக்கும் தங்கக் கலர் பெண்கள், நட்சத்திரங்கள், சிறகு முளைத்த ஒரு ஸ்பேனர். முதல் ஷீல்டு வந்த வருஷம் ஆசையாக வாங்கிப் போட்ட ஷோகேஸ் அது. வீட்டில் எல்லாவற்றுக்கும் ரெட் டேக் கட்டியவள் அதற்கு மட்டும் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதைத் தினமும் துடைக்கிறாளே! தினமும் துடைக்கிற சாமானை அடைசல் என்று யாருக்குத் தோன்றும்?

பாலாஜி எழுந்து சமையலறைக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றிய ரெட் டேக்கில் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"இது எங்க இருந்தது?" என்றாள் மாதேஸ்வரி.

"அரிசி டப்பாவுக்குப் பின்னால. தேவைப்படும்னு எடுத்து வெச்சிருந்தேன்." ஷோகேஸ் கைப்பிடியில் அட்டையை நிதானமாக முடிச்சுப் போட்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

அந்த வாரம் மாதேஸ்வரிக்குத் தூக்கம் சரியில்லை. ஆதார் அட்டையைத் தவிர அவள் பெயரை யாரும் அச்சடித்துக் கொடுத்ததில்லை. இந்த ஷீல்டுகளில் இருக்கிறது, கம்பெனி முழுக்க எழுந்து நின்று கை தட்டிக் கொடுத்தது. அதைப் போய் எப்படி? மனசு பாலாஜி மாதிரியே வேலை செய்ய ஆரம்பித்தது. தொழிற்பேட்டை ஷீல்டை ஊறுகாய் ஜாடி மேல் பாரமாக வைத்துப் பார்த்தாள். சிறகு முளைத்த ஸ்பேனரில் சாவிக்கொத்தை மாட்டிப் பார்த்தாள்.

சமையலறை வாசலில் பாலாஜி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு ஏனோ பெருந்தன்மை வந்திருந்தது. "மூவ்மென்ட் காட்டிட்டல்ல. டேக்கைக் கழட்டிடலாமா?"

ஜாடிமேல் தங்கக் கலர் பெண் பூமியைத் தூக்கிக்கொண்டு, எலுமிச்சங்காயை அமுக்கிக்கொண்டு நின்றாள். மாதேஸ்வரிக்கு மானம் போனது. குரங்குக் குல்லா ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"வேணாங்க, இருக்கட்டும்" என்றாள்.

காலையில் மறுபடி மடங்கிப் படுத்தபோது கண்ணுக்கு நேராகக் கீழ்த்தட்டு தெரிந்தது. 'இட மேலாண்மையில் சிறப்பிடம்: திருமதி பா. மாதேஸ்வரி'. திருமதி மாதேஸ்வரியின் முழங்கால் அந்த நேரத்தில் திருமதி மாதேஸ்வரியின் தாடையில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகப் படுத்துக்கொண்டு, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

அன்று முதல் ஷீல்டுகள் பஸ் ஏறின, வழக்கம்போல் தினம் ஒன்று. ஏலத்தில் யாரும் கை தூக்கவில்லை.

"வேண்டாம்க்கா. ஒங்க பேரு போட்டிருக்குல்லா" என்றாள் எஸ்லின். "எங்க வீட்டுக்காரவுக அதையும் ஒங்க வீட்டுக்கே அனுப்பிவச்சிருவாவ."

தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இரும்பும் இல்ல, பித்தளையும் இல்ல. பெயின்ட்டும்மா. இதை எடுத்தா எனக்குத்தான் நஷ்டம்."

கடைசியில் வாங்கிக்கொண்டவன் கரியப்பன். மேலே இருந்த பெண்ணையும் பூமியையும் அவன் பார்க்கவே இல்லை. அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தான். "மரம் கெட்டிக்கா. எங்க ஊர் ஏத்தத்துல பஸ் நிறுத்துனா டயருக்கு முட்டுக் கொடுக்கக் கல்லு தேடணும். இது ஜோரா நிக்கும்."

அப்படித்தான் மத்திகிரி ஸ்டாப்பிலும் ஒரு நாள் மாதேஸ்வரி பின் டயருக்கு அடியில் தன் பெயரைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய பஸ்ஸைத் தன் பெயர் பிடித்து நிறுத்தியிருப்பதைப் பார்த்ததில், உள்ளதைச் சொன்னால், மேடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஷோகேஸை சாந்தம்மா எடுத்துக்கொண்டாள். சாமி படம் வைப்பாள் என்று நினைத்தார்கள். செருப்பு வைத்தாள். "கண்ணாடி இருந்தா நாய் தூக்காது" என்றாள். அந்த வட்டாரத்திலேயே கண்ணாடிக் கதவுக்குள் பளபளவென்று காட்சிக்கு நிற்கும் ஒரே ரப்பர் செருப்பு சாந்தம்மாவுடையது.

அந்த வருஷக் கம்பெனி விழாவிலும் மாதேஸ்வரியைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். "நன்றி சார். ஷீல்டுக்குப் பதிலா ஒரு கிலோ மைசூர்பாகு குடுத்தீங்கன்னா வீட்டுல இடம் அடைக்காது. தின்னாத் தீர்ந்துடும்" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் அவருடைய நாற்காலியிலிருந்தே சிரித்தார். சிரித்து முடித்து ஷீல்டைக் கொடுத்தார்கள். போன வருஷத்ததைவிடப் பெரியது. மாதேஸ்வரி அதை பஸ் படியிலேயே கரியப்பனிடம் கொடுத்தாள். "முன் டயருக்கு வெச்சுக்கப்பா."

மறுநாள் காலை அவள் ஹாலில் பாயை விரித்து, ஐந்து நிமிஷம் சமையல் மேடையை மட்டும் துடைத்துவிட்டு வந்து படுத்தாள். காலை நீட்டினாள். பாதம் போனது, போனது, எதிலும் இடிக்கவில்லை. கட்டைவிரலைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். காற்று மட்டும் பட்டது.

கண் சொருகும் நேரத்தில் வாசலில் ஏதோ பெரிய அட்டைப்பெட்டி உரசும் சத்தம். பாலாஜியின் மூச்சு. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, அவள் பாதத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்ப்பது, மூடிய கண்ணுக்கும் தெரிந்தது.

"கண்ணால அளக்காதீங்க" என்றாள் மாதேஸ்வரி.

அட்டைப்பெட்டிச் சத்தம் படியிறங்கியது. கீழே சாந்தம்மா, "நம்ம வீட்டுல வேணாம்ப்பா பாலாஜி, எனக்கு செருப்பு வைக்கவே இடமில்லை" என்று மூன்று பாஷையிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரி குதிகாலை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.